எரியுதா மாமா?

வண்டியின் முன்விளக்கு நமக்காக எரிகிறது, பாதை தெரிகிறது. டேஷ்போர்டு விளக்கும் நமக்காகத்தான். டீசல் தீர்ந்துபோனது தெரிகிறது. பிரேக் விளக்கு பின்னால் வருகிறவனுக்கு என்றாலும் அதில் நமக்கும் ஒரு லாபம் உண்டு. அவன் வந்து முட்டமாட்டான். நம்பர் பிளேட் விளக்கு மட்டும்தான் முழுக்க முழுக்க நம்மைத் துரத்தி வருகிறவனின் சௌகரியத்துக்காக, நம் பேட்டரியில், நம் செலவில் எரிவது. ஓடுகிறவன் முதுகில் விலாசம் எழுதிக்கொண்டு, இருட்டில் அது தெரியாமல் போய்விடப் போகிறதே என்று அதற்கு விளக்கும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 105-வது விதி. பின்பக்க எண்ணின் மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும், 15 மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்கு அந்த எண் படிக்கத் தெரிய வேண்டும். எண்ணும் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே 10. நான் வக்கீலும் இல்லை, லாரி ஓனரும் இல்லை. இதையெல்லாம் எனக்கு மனப்பாடம் செய்து கொடுத்தது என் மைத்துனனுடைய ஜீப்.

அது பழைய மஹிந்திரா. 1947-ல் வில்லிஸ் ஜீப்பைத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியவர்களின் வம்சத்தில் வந்தது. கதவு கிடையாது. மேலே தார்ப்பாய். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பக்கம் மச்சானுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. விதை மூட்டை, பம்புசெட் மோட்டார், மாமியார் வீட்டு உறவு எல்லாம் அதில்தான் போகும், வரும். முதலில் ஸ்டெப்னி டயர் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மச்சான் மனைவியின் பட்டுப்புடவை அந்த டயரில் உரசி, மாம்பழக் கலரில் அரை அடிக்குக் கறுப்புக் கரை விழுந்தது. அன்று மாலையே ஸ்டெப்னி இடம் மாறுவது என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது யார் என்று எழுத வேண்டியதில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் ஜி.ஐ. பைப்பை வளைத்து ஒரு கேரியர் செய்தார். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொக்கி. டயரோடு சேர்த்து முழுசாக வெளியே திறந்துகொள்ளும். மூட்டை ஏற்ற வேண்டுமென்றால் கேரியரைத் திற, பின்கதவை இறக்கு, ஏற்று, மூடு. பார்க்க அழகாகவே இருந்தது. ஒரே ஒரு விஷயம். டயர் போய் உட்கார்ந்த இடம் நம்பர் பிளேட்டுக்கு நேர் எதிரே.

அப்படியே பல வருஷம் ஓடியது. யாரும் கேட்கவில்லை. சேத்தியாத்தோப்பில் அந்த ஜீப்பை அடையாளம் காண நம்பர் தேவையில்லை, சத்தம் போதும். பூதங்குடிப் பக்கம் திரும்பும்போதே இங்கே டீக்கடையில் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள்.

பதிவுச் சான்றின் ஆயுள் 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நீட்டிப்புக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, பிரேக் இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து நின்றார். (மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் எங்கள் ஊரில் பயம் வரும்.)

“நம்பர் எங்கங்க?”

“டயருக்குப் பின்னாடி இருக்குது சார். கழட்டிக் காட்டட்டுங்களா?” என்றான் மச்சான், மிகுந்த பணிவோடு.

“ராத்திரியில யாரையாவது இடிச்சுட்டுப் போனீங்கன்னா, துரத்தி வர்றவனுக்கும் நின்னு கழட்டிக் காட்டுவீங்களா?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. “பிளேட்டை டயர் மேல வரவைங்க. மேல லைட் போடுங்க. அப்புறம் வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். கோபப்படவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் மச்சானுக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டுத் திரும்பியிருக்கலாம். நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது?

இங்கே நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா என்று ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்க்க முடியாது. கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் தெரியாது. கண்ணாடியிலும் விழாது. பின்னால் ஒரு ஆள் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது, மரியாதைக்காவது நிற்க வேண்டும், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். குடும்பத்தில் அக்காள் வீட்டுக்காரனை விட இதற்குப் பொருத்தமானவன் யார்? ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவன் வேறு. “மாமா, கொஞ்சம் பின்னாடி நிக்கிறீங்களா?” என்றான். நின்றேன்.

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாக வந்து புவனகிரி, சிதம்பரம் என்று போகிற சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகிற 36-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும் எங்கள் ஊரில்தான் சந்தித்துக்கொள்கின்றன. குறுக்கு ரோட்டில் ஒரு ராத்திரி நின்று பார்த்தால் தமிழ்நாட்டின் விளக்கு நிலவரம் முழுதும் தெரிந்துவிடும். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடுகிற காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வரும். டிரெய்லருக்குப் பின்னால் கரும்பு ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். டெயில் விளக்கு, நம்பர், பிரதிபலிப்பு ஸ்டிக்கர், எல்லாம் சோகைக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். மாட்டு வண்டியில் வருகிறவர் அச்சில் அரிக்கேன் கட்டியிருப்பார்; அது எரிவதும் அணைவதும் அன்றைய காற்றைப் பொறுத்தது. அறுவடை இயந்திரம் வரும். அதற்கு முன்னால் எட்டுக் கண், பின்னால் ஒன்றும் கிடையாது. இவர்கள் எல்லாரும் போன பிறகு, 65 மில்லிமீட்டர் எழுத்துக்கு மேல் ஒரு சின்ன விளக்கு எரியவில்லை என்று எங்கள் ஜீப்.

எண் மாட்டும் வழக்கம் பழையது. பாரிஸ் நகரப் போலீஸ் 1893-லேயே மோட்டார் வண்டிக்குப் பலகை மாட்டச் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 1903-ல் சட்டம் வந்து, 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயமானது. அதற்கு முன்னால் எல்லாம் சுகம். எங்கள் ஊருக்குத் தெற்கே வீராணம் ஏரிக்கரையில்தான் வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றிக் கல்கி கதையை ஆரம்பித்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. குதிரையின் பின்புறத்தில் எண் இல்லை, விளக்கும் இல்லை. அதனால்தான் ஒற்றர்கள் அவனைப் பின்தொடர்ந்தே அலைய வேண்டியிருந்தது, கதையும் ஐந்து பாகம் ஓடியது.

சரி, ஜீப்புக்கு வருவோம்.

குறுக்கு ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஆசிட் வாசம் தெருமுனைக்கே வந்து கூப்பிடும். எலக்ட்ரீஷியன் என்னைவிட மூத்தவர். மீட்டர் கீட்டர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பல்பு ஹோல்டர், அதில் இரண்டு வயர், ஒரு முனையில் முதலைக் கிளிப், மறுமுனையில் கோணி ஊசி. அதுதான் டெஸ்ட் லேம்ப். அதை வைத்து லாரி, பஸ், கதிரறுக்கும் மிஷின் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்துவிடுவார்.

பெயிண்டர் புதிதாக எழுதிக் கொடுத்த பிளேட்டை டயரின் நடுவில் பட்டை அடித்து மாட்டியாயிற்று. எழுத்துக்கு நிழல் கொடுக்கிறேன் என்று நின்ற பெயிண்டரைத் தடுத்தது ஒரு தனிக்கதை. பிளேட்டுக்கு மேலே சின்னக் கூண்டு விளக்கு. உள்ளே நீளவாக்கில் படுத்திருக்கும், இரண்டு முனையிலும் தொப்பி போட்ட 5 வாட் பல்பு. டெயில் விளக்குக்குப் போகிற லைனில் ஒரு கிளை எடுத்து இங்கே கொடுத்தார். வேலை முடிந்தது போலிருந்தது. மச்சான் இருக்கையில், எலக்ட்ரீஷியன் ஸ்டூலில், நான் பின்னால்.

“லைட் போட்டுட்டேன். எரியுதா மாமா?”

“எரியல.”

“இப்ப?”

“இல்ல.”

அவன் என்ன நினைத்தானோ, அலுப்பில் பிரேக்கை மிதித்தான். கூண்டுக்குள் கம்பி மெல்லச் சிவந்தது.

“எரியுது!”

மச்சான் இறங்கி ஓடிவந்தான். இறங்கினால் கால் பிரேக்கில் இருக்காது அல்லவா? அணைந்துவிட்டது. என்னையும் பார்த்தான், விளக்கையும் பார்த்தான். மறுபடி ஏறினான், கேட்டான். “எரியல” என்றேன். மிதித்தான். “எரியுது” என்றேன். இறங்கி வந்தான். எரியவில்லை. “மாமா, சிதம்பரத்துல நல்ல கண் டாக்டர் இருக்காராம்” என்றான் மிகவும் பரிவோடு.

கடைசியில் என்னை இருக்கையில் ஏற்றி மிதிக்கச் சொல்லிவிட்டு, அவனே பின்னால் நின்றான். “அடப்பாவி! பிரேக்குக்கு எரியுதுண்ணே!” என்ற குரல் வந்தது. என் கண்ணின் மானம் அப்போது திரும்பியது.

எலக்ட்ரீஷியன் இதற்கெல்லாம் எழுந்திருக்கவில்லை. “எர்த்து இல்ல” என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

அவருடைய தத்துவம் மொத்தமும் இந்த ஒரு சொல்லில் அடங்கும். வீட்டுக்கு இரண்டு கம்பி வருகிறது. ஒன்றில் மின்சாரம் போகிறது, இன்னொன்றில் திரும்புகிறது. வண்டியில் அப்படி இல்லை. போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. பேட்டரியின் ஒரு முனையைச் சேசிஸில் கட்டிவிட்டால் செம்பு மிச்சம். எங்கே விளக்கு மாட்டினாலும் அது இரும்பைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். தொடாமல் போனால்? துரு பிடித்து, பெயிண்ட் அடித்து, சேறு அப்பித் தொடாமல் போனால்? “போறதுக்கு எல்லாரும் வழி பண்ணிடுவான் சார். திரும்பி வர்றதுக்கு எவனும் பண்ண மாட்டான். அப்ப அது என்ன செய்யும்? எதிர்ல எந்தப் பல்பு கிடைக்குதோ அதுல பூந்து வரும்.”

அப்படித்தான் நடந்திருந்தது. இடது டெயில் விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை. பிரேக்குக்கு 21 வாட், ராத்திரி வெளிச்சத்துக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த்து ஒன்று. அந்த எர்த்து துருவில் போய்விட்டது. பிரேக் மிதித்ததும் வந்த மின்சாரம் வெளியே போக வழியில்லாமல், பக்கத்து இழை வழியாகப் பின்வாங்கி, டெயில் லைனில் ஏறி, புதிதாகப் போட்ட எங்கள் கிளையில் இறங்கி, நம்பர் பிளேட் பல்பு வழியாக வீடு திரும்பியது. வலதுபக்க பல்பும் முன்னால் உள்ள சின்ன பல்புகளும் எப்போதோ உயிரை விட்டிருந்ததால் வேறு போக்கிடமும் இல்லை அதற்கு. எர்த்து செத்தது இடது மூலையில், கண் டாக்டர் சிபாரிசு எனக்கு.

ஆனால் லைட் சுவிட்சைப் போட்டால் ஏன் எரியவில்லை? அதற்கு பானெட்டைத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே நான் எதிர்பார்க்காத ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை. எந்தக் காலத்திலோ ஜீப்பின் சொந்த பியூஸ் பெட்டி உருகிப்போக, யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக்கு வாங்கிய கட்டையை இங்கே திருகியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது களிமண்ணும் கிடைக்கிறது; பக்கத்திலேயே விருத்தாசலத்தில் சூளைகள். கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்கம்பத்துக் குப்பி, பியூஸ் கட்டை என்று பீங்கானில் என்னென்ன வார்க்க முடியுமோ அத்தனையும் அந்த ஊரில் வார்க்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் கோயிலுக்கும் போய்விட்டு, திரும்பும்போது ஒரு பியூஸ் கட்டையும் வாங்கி வருவோம்.

எலக்ட்ரீஷியன் கட்டையைப் பிடுங்கினார். பீங்கானில் கீறல்கூட இல்லை. பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாள் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. “யார் பார்த்த வேலை இது?” என்றார். மச்சான் வானத்தைப் பார்த்தான். அவர் ஒரு வயரை உரித்து, மெல்லிய ஒற்றை இழையை மட்டும் எடுத்து, இரண்டு திருகுக்கும் நடுவே கட்டினார். கட்டையை மாற்றச் சொன்னான் மச்சான். “இதுக்கென்ன கேடு? ஜீப்பு போனாலும் இது இருக்கும்” என்று திரும்பச் செருகிவிட்டார். பழைய வயர்களையும் ஒரு பார்வை பார்த்தார். திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டிய சிவப்பு வயர், ஒலிபெருக்கிக்கு இழுத்த சிவப்பு வயர், எல்லாமே சிவப்பு. எது எங்கே போகிறது என்று ஜீப்புக்கே தெரியாது.

டெயில் விளக்கின் எர்த்தையும் சுரண்டிக் கட்டியாயிற்று. சுவிட்ச் போட்டோம். எரிந்தது! பளிச்சென்று. மச்சான் எனக்குக் கைகொடுத்தான். கேரியரைத் தள்ளி மூடினோம். அணைந்தது.

திறந்தால் எரியும். மூடினால் அணையும். இதுவரை கேரியர் திறந்தே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விஷயம் என்னவென்றால், விளக்கு கேரியரில் இருக்கிறது, கேரியர் கீலில் இருக்கிறது, கீல் வண்டியில் இருக்கிறது. திரும்பிப்போகும் மின்சாரம் கீலின் வழியாகத்தான் வண்டிக்குள் போக வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் நல்ல மனுஷர். கீலுக்கு இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்து, கிரீஸும் தாராளமாக அப்பியிருந்தார். இரும்பு இரும்பைத் தொடவே வழியில்லை. திறக்கும்போது எங்கோ ஒரு மூலை உரசியது, எரிந்தது. நான் டயரின் மேல்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். எரிந்தது. கையை எடுத்தேன். போய்விட்டது.

“அப்படியே பிடிச்சுக்குங்க சார், பார்ப்போம்” என்றார் எலக்ட்ரீஷியன்.

“பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வரைக்கும் மாமா பிடிச்சுக்கிட்டே வருவாரா?” என்றான் மச்சான். கேலியாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். முகத்தில் யோசனையும் இருந்தது.

கீலை நம்பாதே, எர்த்துக்கும் தனி வயர் இழு என்பதுதான் இதற்கு மருந்து. எலக்ட்ரீஷியன் அதற்குப் பிறகு செய்த வேலையை நான் முழு மனசோடு பாராட்டுவேன். கேரியர் பைப்பிலேயே துளை போட்டு, உள்ளே முதலில் கட்டுக்கம்பியை விட்டு, வளைவுகளில் திருகித் திருகி மறுமுனையில் எடுத்து, அதன் நுனியில் இரண்டு வயரையும் கட்டி இழுத்தார். துளையின் விளிம்பு வயரைச் சீவாமல் இருக்க ரப்பர் புஷ். கீல் இருக்கும் இடத்தில் வயரை இழுத்துக் கட்டாமல் தொய்வாக ஒரு சுற்று விட்டார். கேரியர் திறக்க மூட, வயர் ஒரே இடத்தில் மடிந்துகொண்டே இருந்தால் மேலே தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்துவிடும். அப்புறம் பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நிறைய மெல்லிய இழைகள் உள்ள வயர், தாராளமான சுற்று, மேலே ஸ்லீவ். சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டி, பல் வைத்த வாஷர் போட்டு, கறுப்பு வயரை முறுக்கினார். முறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ். “கிரீஸ் மேல இருக்கணும். நடுவுல இருக்கக் கூடாது” என்று எதிர்ப்பட்டறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

எதிர்ப்பட்டறைதான் வெல்டருடையது. இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒருவர் இருக்கும்போது மற்றவர் வரமாட்டார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் டயர், ரிம் எல்லாம் சேர்ந்த கனத்தில் கேரியர் கொஞ்சம் தலை சாய்ந்திருந்தது, கொக்கி மாட்டவில்லை. மச்சான் வெல்டரைக் கூப்பிட்டு, “ஒரு முட்டு மட்டும் வச்சிடுங்கண்ணே” என்றான். எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போயிருந்த நேரம். வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைப்பில் முட்டு வைத்தார். நீலப்பொறி பறந்தது. நான் வழக்கமான இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பைப்பின் திறந்த முனையிலிருந்து, திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிக்கும் தாத்தா போல, புகை நிதானமாக வெளியே வந்தது.

“மச்சான், புகையுது.”

“வெல்டிங்னா புகையத்தான் மாமா செய்யும்.”

“உள்ள புகையுது.”

உள்ளே புது வயர், புது ஸ்லீவ், புது ரப்பர் புஷ் எல்லாம் ஒன்றாகி, எலக்ட்ரீஷியன் கைகழுவிவிட்டு வந்து முனையைப் பிடித்து இழுத்தபோது கறுப்புப் பாகு மாதிரி வந்தது. அதன் பிறகு தெருவில் நடந்த உரையாடலில் பாதியைத்தான் பத்திரிகையில் போட முடியும். “பைப்புக்குள்ள வயர் இருக்குன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?” என்றார் இவர். “பைப்புல துளை இருந்தா உள்ள ஏதோ இருக்கும்னு அறிவு வேண்டாம்?” என்றார் அவர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் நடுவராக என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் நிற்கிற ஆள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் வெல்டரைக் கூப்பிட்ட மச்சானை இருவருமே எப்படியோ மறந்துபோனார்கள்.

மறுபடியும் கட்டுக்கம்பி, மறுபடியும் வயர்.

எல்லாம் சரியாகி வரும்போது பல்பில் ஒரு தகராறு கிளம்பியது. இவ்வளவு பாடுபட்டு 5 வாட்டா என்று மச்சானுக்குக் குறை. எங்கிருந்தோ ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டால் வெள்ளாற்றின் அக்கரையில் இருக்கிறவனும் நம்பரைப் படிப்பான் என்றான். எலக்ட்ரீஷியன் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “பளபளன்னு இருக்கிற தகடு மேல இவ்ளோ வெளிச்சம் அடிச்சா வெள்ளையாத்தான் தெரியும், எழுத்து தெரியாது. நம்பரைப் பார்க்கத்தானே லைட்டு? லைட்டைப் பார்க்கவா?” 12 வோல்ட்டில் 5 வாட் என்றால் அரை ஆம்பியர்கூட இழுக்காது. அந்த ஒற்றை இழை பியூஸும் பதறாது. மச்சான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “வேணும்னா கொண்டுபோய் மாட்டுக் கொட்டாயில மாட்டிக்குங்க” என்று முடித்துவிட்டார். அது இப்போது மாட்டுக் கொட்டகையில்தான் எரிகிறது. மாடுகள் தூங்குவதில்லை என்று கேள்வி.

15 மீட்டர் பரீட்சையை அன்று ராத்திரி வாய்க்கால் கரையில் வைத்தோம். மச்சான் மோட்டார் கொட்டகையிலிருந்து தாம்புக் கயிறு கொண்டுவந்து அளந்தான். ஒரு முனை ஜீப்பில், மறுமுனை என் கையில். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று, ஜீப் நகராமல் இருக்கக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று முடிவு செய்து, “ஹேண்ட் பிரேக் இல்லீங்களா?” என்று அனுதாபமாக விசாரித்துவிட்டுப் போனார். எண் நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான். நெல் வயலுக்கு நடுவே இருட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1989-ம் வருஷ விதிகளை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. டெல்லி ஆபீஸுக்குள் நெல் வயல் இல்லை. பச்சைப்பூச்சி, ஈசல், பெயர் தெரியாத பூச்சி எல்லாம் குடும்பத்தோடு வந்து பலகையில் உட்கார்ந்தன. 3 என்பது 8 ஆனது. 1 காணாமலே போனது.

“எரியுதா மாமா?”

“எரியுது. நம்பர்தான் பறக்குது.”

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் மறுபடி போனது பட்டப்பகலில். சூரியன் நேர் உச்சியில் நின்று 5 வாட் பல்போடு போட்டிக்கு வந்தது. மச்சான் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பெருமையோடு இறங்கினான். எதுவும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த ஃபைலைக் கூண்டுக்கு மேல் குடையாகப் பிடித்து, குனிந்து, உள்ளே பார்த்தார். “ம்” என்றார். இத்தனை பேர் இத்தனை சண்டை போட்டதற்குக் கிடைத்த பாராட்டு அந்த ஒரு எழுத்து. ஆனால் அவர் போகும்போது கேரியரைத் திறந்து மூடி, திறந்து மூடி, விளக்கு அணைகிறதா என்று பார்த்தார். அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. கீலில் எர்த்து போகும் என்று தெரிந்த மனுஷர்.

அடுத்த ஐந்து வருஷத்துக்கு ஜீப்புக்கு ஆயுள் கிடைத்தது. அந்தத் தெம்பில் மச்சான் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனான். பட்டுப்புடவைக்குச் சேதமில்லாமல் போய்த் திரும்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து அவன் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ராத்திரி ஏதோ ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பிரேக் மிதித்திருக்கிறான். இந்த ஜீப் மிதித்த இடத்தில் நிற்கிற சாதி இல்லை. நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றிருக்கிறது. கம்பத்துக் கேமரா பின்னாலிருந்து படம் பிடித்துவிட்டது. அபராதம் 500 ரூபாய். நம்பர் பிளேட் விளக்கு இல்லாமல் ஓட்டினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு அதே 500 ரூபாய்தான் என்று நான் ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். அது ஆறுதலாக எடுபடவில்லை.

படத்தைக் கொண்டுபோய் எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் கிட்டே, தூர என்று வைத்துப் பார்த்தார். நடுராத்திரி சென்னை, சுற்றிலும் இருட்டு, நடுவில் எங்கள் டயர், அதன் நடுவில் டி.என். 31-ல் தொடங்கி ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு எண்ணும் கத்தரித்து ஒட்டியது கணக்காய்த் தெளிவாக இருந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எதிர்ப்பட்டறைக்குக் குரல் கொடுத்து வெல்டரையே கூப்பிட்டுக் காட்டினார்; அவரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து பார்த்தார். இதைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்ட வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன்.

“பார்த்தீங்களா? இதுக்குத்தான் அஞ்சு வாட்டே போதும்னேன். அந்த எல்.இ.டி.யைப் போட்டிருந்தா வெளிச்சத்துல நம்பரே விழுந்திருக்காது.”

“அதத்தாண்ணே நான் போடச் சொன்னேன்” என்றான் மச்சான்.